கதவின் சாவி யாரிடம்? மாற்றுத்திறனாளிகளின் சுதந்திர வாழ்வு பற்றி ஓர் எளிய விளக்கம்

இன்று இரவு எத்தனை மணிக்குப் படுக்கப் போகிறீர்கள்? பெரும்பாலோருக்கு இது ஒரு கேள்வியே இல்லை. கண் சொக்கினால் படுப்போம். நல்ல புத்தகம் கையில் இருந்தால் நள்ளிரவு தாண்டியும் விழித்திருப்போம்.

இப்போது ஒருவரை எண்ணிப் பாருங்கள். வயது முப்பத்தைந்து. கழுத்துக்குக் கீழே உடல் அசையாது. அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தும் பணியாளரின் வேலை நேரம் இரவு ஏழரைக்கு முடிகிறது. ஆகவே ஏழரைக்குள் அவர் படுத்தாக வேண்டும். தூக்கம் வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. நண்பரின் திருமணமாக இருக்கட்டும், வெகுநாள் காத்திருந்த கச்சேரியாக இருக்கட்டும், ஏழரை என்றால் ஏழரைதான். அவரை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. சுத்தமான படுக்கை இருக்கிறது, வேளைக்கு மருந்து கிடைக்கிறது, பணியாளர் அன்பாகவும் பேசுகிறார். ஆனாலும் அந்த நாளில் ஒரு மணி நேரம்கூட அவருடையது இல்லை.

மாற்றுத்திறனாளிகள் மற்ற எல்லோரையும் போல ஊருக்குள், அக்கம்பக்கத்தாரோடு, தாங்கள் விரும்பியபடி வாழ வேண்டும். அதற்கு வேண்டிய துணையைச் சமூகம் தர வேண்டும். 'சுதந்திர வாழ்வு' என்று உலகெங்கும் பேசப்படும் கருத்து இதுதான். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. நடைமுறையில் இதைப் போல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட கருத்து வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க அளவு உடல் அல்லது மனக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள். முதுமை வந்தால் நம்மில் பலரும் அந்தக் கணக்கில் சேர்வோம். ஆகவே பொறுமையாகப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

சொல்லிலேயே இருக்கும் சிக்கல்

தமிழில் இதைச் 'சுயசார்பு வாழ்வு' என்றும் 'தற்சார்பு வாழ்வு' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொற்கள் மீது ஒரு மனத்தாங்கல் உண்டு. சுயசார்பு என்றதும், பிறர் கையை எதிர்பார்க்காமல் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது என்ற பொருள் மனதில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிறகு, 'இவரால் தானாக எழுந்து உட்காரக்கூட முடியாதே, இவர் எப்படிச் சுயசார்பாக வாழ்வார்?' என்ற கேள்வி தானாகவே வருகிறது. அந்தக் கேள்வியோடு பேச்சும் முடிந்துவிடுகிறது.

யார்தான் பிறரைச் சாராமல் வாழ்கிறார்கள்? குழாயில் வரும் தண்ணீருக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்! பஸ்ஸை நாம் ஓட்டுவதில்லை, அணிந்திருக்கும் துணியை நாம் நெய்யவில்லை. அந்தச் சார்பை யாரும் குறையாகச் சொல்வதில்லை. காரணம், அங்கே கட்டுப்பாடு நம்மிடம் இருக்கிறது. எந்தப் பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்குவது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம்.

இரண்டு பேரை ஒப்பிட்டுப் பாருங்கள். இருவருக்கும் கை நடுக்கம். ஒருவர், தானே எழுத வேண்டும் என்ற வைராக்கியத்தில், ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய விண்ணப்பத்தைப் பகல் முழுவதும் எழுதிக் களைத்துப் படுத்துவிடுகிறார். மற்றவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதுகிறார். அரை மணியில் வேலை முடிகிறது. பிற்பகலில் அவரே நேரில் போய்த் தன் பக்க நியாயத்தை வாதாடிவிட்டு வருகிறார். கையால் செய்த வேலையை அளந்தால் முதலாமவர் முன்னே நிற்பார். வாழ்க்கை யார் பிடியில் இருக்கிறது என்று பார்த்தால் இரண்டாமவர்தான் சுதந்திரமானவர். எந்த உதவி, யாரிடமிருந்து, எப்போது, எப்படி என்பதை உதவி பெறுபவரே தீர்மானிப்பதற்குப் பெயர்தான் சுதந்திர வாழ்வு. உதவி எவ்வளவு அதிகமாகத் தேவைப்பட்டாலும் இந்த இலக்கணம் மாறுவதில்லை.

இரும்பு நுரையீரலோடு கல்லூரிக்குப் போனவர்

இந்தக் கருத்தைப் பேராசிரியர்கள் உட்கார்ந்து யோசித்து உருவாக்கவில்லை. அதைத் தங்கள் உடம்பால் உணர்ந்தவர்கள் உருவாக்கினார்கள். அவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் எட் ராபர்ட்ஸ்.

1953இல், பதினான்காவது வயதில், அவரைப் போலியோ தாக்கியது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழு உடலும் செயலிழந்தது. இரவில் மூச்சு விடுவதற்கு 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய உருளை வடிவ இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். அவர் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர விரும்பியபோது, மாநில மறுவாழ்வுத் துறை முதலில் உதவ மறுத்தது. இவ்வளவு கடுமையான ஊனம் உள்ளவர் என்றைக்கும் வேலைக்குப் போகப் போவதில்லை என்பது அந்தத் துறையின் கணிப்பு. போராடி இடம் பெற்று 1962இல் உள்ளே போனார். இரும்பு நுரையீரலைத் தாங்கும் அறை மாணவர் விடுதியில் இல்லாததால் வளாகத்து மருத்துவமனையின் ஒரு பகுதியில் தங்க வைத்தார்கள். பின்னாலேயே வேறு சில மாற்றுத்திறனாளி மாணவர்களும் வந்தார்கள்.

மருத்துவமனை அறையாக இருந்த இடம் மெல்ல ஒரு பாசறையாக மாறியது. தங்களுக்குத் தேவை சிகிச்சை இல்லை, உதவியாளர்களும் ஓடுகிற சக்கர நாற்காலியும் ஏறக்கூடிய நடைபாதையும்தான் என்று அந்த மாணவர்கள் கண்டுகொண்டார்கள். அதிலிருந்து 1972இல் பெர்க்லியில் சுதந்திர வாழ்வு மையம் பிறந்தது. அதை நடத்தியவர்களே மாற்றுத்திறனாளிகள். உதவியாளர் தேடித் தருவது, சக்கர நாற்காலி பழுது பார்ப்பது, குடியிருக்க வீடு கண்டுபிடிப்பது, இதே பாதையில் முன்பு நடந்தவர் புதிதாக வருபவருக்கு வழி சொல்வது என மிகச் சாதாரணமான வேலைகளை அது செய்தது. அந்தச் சாதாரணம்தான் அதன் பலம். மூன்றே ஆண்டுகளில், 1975இல், ராபர்ட்ஸ் அந்த மாநில மறுவாழ்வுத் துறையின் தலைவராக நியமிக்கப்பட்டார். எந்தத் துறை அவரால் வேலை பார்க்கவே முடியாது என்றதோ, அதே துறை.

இங்கிலாந்தில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. பால் ஹன்ட் என்பவர் லே கோர்ட் என்ற காப்பகத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். காப்பகங்களில் அடைபட்டிருப்பவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று 1972இல் கார்டியன் நாளிதழுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அதைத் தொடர்ந்து உருவான அமைப்பு 1976இல் ஒரு கருத்தைத் தெளிவாக முன்வைத்தது. கால் அசையாதது உடலின் குறைபாடு. படி மட்டுமே வைத்துக் கட்டிய கட்டடத்தால் உள்ளே போக முடியாமல் நிற்பது சமூகம் உண்டாக்கிய ஊனம். பின்னர் இந்தப் பார்வைக்குச் சமூகவியலாளர் மைக் ஆலிவர் 'சமூக மாதிரி' என்று பெயர் சூட்டினார்.

அதே லே கோர்ட்டில் ஜான் எவன்ஸ் உள்ளிட்ட சிலர், 1970களின் இறுதியில், ஒரு துணிச்சலான கணக்கைப் போட்டார்கள். எங்களைக் காப்பகத்தில் வைத்திருக்க உள்ளாட்சி நிர்வாகம் இவ்வளவு பணம் செலவழிக்கிறது. அதே பணத்தை எங்களிடம் கொடுங்கள், நாங்களே உதவியாளரை வைத்துக்கொண்டு வெளியே வாழ்கிறோம் என்றார்கள். ஐ.நா. சபை 1981ஐ ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்ததால் தங்கள் முயற்சிக்குத் 'திட்டம் 81' என்று பெயர் வைத்தார்கள். பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஆனாலும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். பணம் கட்டடத்தைத் தேடிப் போகாமல் மனிதரைத் தேடி வர வேண்டும் என்ற எண்ணத்துக்கு இங்கிலாந்தில் 1996இல் ஒரு சட்டமே வந்தது. இந்த இயக்கத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். யாருடைய இரக்கத்தையும் அவர்கள் கேட்கவில்லை. ஏற்கெனவே தங்கள் பெயரில் செலவாகிக்கொண்டிருந்த பணத்தின் திசையை மாற்றச் சொன்னார்கள்.

உரிமையாக மாறிய கதை

ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பர் 13 அன்று ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை 2008 மே 3 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆவது பிரிவு முழுக்க இந்த விஷயத்தைப் பற்றியது. எளிய தமிழில் சொன்னால் அதில் மூன்று உறுதிகள் இருக்கின்றன. ஒன்று, எங்கே, யாரோடு வாழ்வது என்பதை மற்றவர்களைப் போலவே மாற்றுத்திறனாளியும் தேர்ந்தெடுக்கலாம். குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. இரண்டு, தனிமைப்படாமல் வாழ்வதற்கு வேண்டிய துணை, தனிப்பட்ட உதவியாளர் உட்பட, அவருக்குக் கிடைக்க வேண்டும். மூன்று, ஊருக்குப் பொதுவான பள்ளி, மருத்துவமனை, பஸ், நூலகம், வங்கி ஆகியவை அவருக்கும் பயன்படும் விதத்தில் இருக்க வேண்டும்.

மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் முடங்கிவிடும். சொந்த வீடு இருந்து உதவியாளர் இல்லாவிட்டால் அந்த வீடே சிறை. வீடும் உதவியாளரும் இருந்து, ஏறக்கூடிய பஸ் இல்லாவிட்டால் வாசற்படியோடு உலகம் முடிந்துவிடும்.

இங்கே 'காப்பகம்' என்ற சொல்லைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். காப்பகம் என்றால் உயரமான மதில், நீண்ட வராந்தா, வரிசைக் கட்டில்கள் என்று நினைக்கிறோம். இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2017இல் தந்த விளக்கம் கட்டடத்தைப் பார்க்கவில்லை, உள்ளே நடக்கும் வாழ்க்கையைப் பார்த்தது. உதவியாளரைப் பலரோடு கட்டாயமாகப் பங்கிட வேண்டியிருக்கிறதா? யாரோடு வாழ்வது என்பதில் விருப்பம் கேட்கப்படுகிறதா? அன்றாட முடிவுகள் யார் கையில்? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே நடவடிக்கையா? ஓர் இடம் காப்பகமா இல்லையா என்பதை இந்தக் கேள்விகள்தான் காட்டும். எட்டே பேர் வாழும் அழகான சிறு இல்லமும் காப்பகமாக இருக்கலாம். சங்கடமான உண்மை ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: பாசம் நிறைந்த சொந்த வீடும் அப்படி ஆகிவிடலாம். நாற்பது வயது மகள் யாரோடு பேசலாம், எந்த உடை உடுத்தலாம், எப்போது வெளியே போகலாம் என்று மற்றவர்களே முடிவு செய்யும் வீட்டில், அவளுடைய கதவின் சாவி அவளிடம் இல்லை.

உதவியாளர் என்பவர் யார்?

துணைகளில் மிக முக்கியமானது தனிப்பட்ட உதவியாளர். பராமரிப்பாளரும் இவரும் ஒன்றுதானே என்று தோன்றும். இருவரும் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: குளிப்பாட்டுவது, உடுத்துவது, தூக்கி உட்கார வைப்பது, வெளியே உடன் போவது. வேறுபாடு, சொல் எந்தத் திசையில் போகிறது என்பதில் இருக்கிறது. பராமரிப்பாளர், 'குளிக்கும் நேரம் ஆகிவிட்டது' என்பார். உதவியாளரிடம், 'இன்று மாலை குளிக்கிறேன்' என்று மாற்றுத்திறனாளி சொல்வார். வேலைக்கு எடுப்பது, கற்றுக்கொடுப்பது, நேரம் வகுப்பது, சரிப்படாவிட்டால் நிறுத்துவது எல்லாம் உதவி பெறுபவரின் உரிமை.

ஸ்வீடனில் 1994இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதை நாட்டு மக்களின் உரிமையாகவே ஆக்கியது. கடுமையான ஊனம் உள்ளவர் தமக்கான உதவியாளர் செலவை அரசிடமிருந்து பெறலாம். அந்தப் பணத்தைக் கொண்டு உள்ளாட்சி மூலமோ, நிறுவனம் மூலமோ, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் கூட்டுறவு மூலமோ ஆளை அமர்த்திக்கொள்ளலாம். தாமே நேரடி முதலாளியாகவும் இருக்கலாம். அந்தக் கூட்டுறவு முறையை அங்கே 1980களில் கட்டியெழுப்பிய அடால்ஃப் ராட்ஸ்காவும் போலியோவால் பாதிக்கப்பட்டு, இளமையில் பல ஆண்டுகளை மருத்துவமனையில் கழித்தவர்தான்.

உதவியாளர் வேலையைப் புதிதாகத் தொடங்குபவருக்கு மிகக் கடினமான பாடம் சும்மா இருப்பது. உதவி பெறுபவர் ஒரு சட்டையைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால், ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அவர் திணறித் திணறிப் பேசும்போது வாக்கியத்தை நாம் முடித்து வைக்கக் கூடாது. சக்கர நாற்காலியைக் கேட்காமல் தொடுவது, அறிமுகமில்லாத ஒருவர் நம் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவதைப் போன்றது. மருத்துவர் நோயாளியை விட்டுவிட்டு உதவியாளரைப் பார்த்து, 'இவருக்கு எங்கே வலிக்கிறது?' என்று கேட்டால், உதவியாளர் தன் பார்வையை மெதுவாக உரியவர் பக்கம் திருப்பினாலே போதும். மருத்துவரின் பார்வையும் கூடவே திரும்பும். இந்தச் சிறு அசைவுக்குப் பெரிய மதிப்பு உண்டு.

இந்த வேலைக்கு நியாயமான ஊதியமும் ஓய்வும் தேவை என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். களைத்துப்போன, குறைந்த கூலி வாங்கும் உதவியாளரை நம்பி யாரும் சுதந்திரமாக வாழ முடியாது.

மற்ற துணைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம், அவை எளிதில் கண்ணுக்குத் தெரிபவை. சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் ஏறுவது பாதுகாப்பாக இருக்கும். செங்குத்தாகச் சரித்துக் கட்டியது வெறும் அலங்காரம். கதவின் இடைவெளி குறைந்தது 80 சென்டிமீட்டர், சக்கர நாற்காலி திரும்புவதற்குக் குளியலறையில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வட்டம், கழிப்பறையில் பிடிமானக் கம்பி. பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள், காது கேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரும் அழைப்புமணிக்குப் பதிலாக ஒளிரும் விளக்கும். இவற்றையெல்லாம் விட அதிகம் பேசப்படாத துணை ஒன்று உண்டு. இதே நிலையில் ஏற்கெனவே தனியே வாழ்ந்துகொண்டிருக்கும் இன்னொரு மாற்றுத்திறனாளியின் பேச்சு. 'நீங்கள் இரவில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?' என்ற கேள்விக்கு அவரால்தான் உண்மையான பதில் சொல்ல முடியும்.

முடிவெடுப்பதற்கும் துணை உண்டு

இதுவரை படித்த சிலருக்கு ஒரு தயக்கம் எழுந்திருக்கும். உடல் ஊனம் என்றால் சரி, அவர் சொல்வார், நாம் செய்வோம். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவரோ கடுமையான மனநலச் சிக்கல் உள்ளவரோ எப்படித் தாமாக முடிவெடுப்பார்? நியாயமான கேள்வி.

பழைய பதில், அவருக்கு ஒரு பாதுகாவலரை நியமித்து எல்லா முடிவுகளையும் அவர் கையில் ஒப்படைப்பது. புதிய பதில், முடிவெடுக்க அவருக்கே துணை செய்வது. நாமும் அப்படித்தான் முடிவெடுக்கிறோம். வீடு வாங்கும்போது வழக்கறிஞரைக் கேட்கிறோம், அறுவைச் சிகிச்சைக்கு முன் இன்னொரு மருத்துவரைப் பார்க்கிறோம். ஆலோசனை கேட்டதால் நம் கையெழுத்திடும் உரிமையை யாரும் பறித்துவிடுவதில்லை. அதே நியாயம்தான் இங்கேயும். விஷயத்தைச் சிறு வாக்கியங்களில், படங்களோடு விளக்குவது. இரண்டு வீடுகளின் புகைப்படத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல் இரண்டிலும் ஓரிரவு தங்க வைத்துப் பார்ப்பது. அவர் நம்பும் மூன்று நான்கு பேரை ஒரு வட்டமாக உட்கார வைத்துப் பேசுவது. முடிவுக்கு அவசரப்படாமல் நாள் கொடுப்பது. பேச்சே இல்லாதவர்களும் விருப்பத்தைச் சொல்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட ஆள் அறைக்குள் வந்தால் உடல் இறுகுகிறது, இன்னொருவர் வந்தால் முகம் மலர்கிறது. அதைக் கவனித்து எழுதி வைத்து, மதிப்பதும் முடிவுக்குத் துணை செய்வதுதான்.

பெரு நாடு 2018இலும் கொலம்பியா 2019இலும் தங்கள் சட்டங்களைத் திருத்தி, வயது வந்த மாற்றுத்திறனாளிகளின் முடிவெடுக்கும் உரிமையைப் பறிக்கும் பழைய பாதுகாவலர் முறையைக் கைவிட்டுத் துணையோடு முடிவெடுக்கும் முறைக்கு வந்தன. ஸ்வீடனில் மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்குத் தனிப்பட்ட பிரதிநிதி என்ற ஏற்பாடு இருக்கிறது. அவர் மருத்துவமனைக்கோ குடும்பத்துக்கோ பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. தாம் துணை நிற்கும் மனிதர் கேட்டதை மட்டுமே செய்கிறார்.

மனநலச் சிக்கல் உள்ளவர்களுக்கு இன்னொரு நல்ல வழி, நலமாக இருக்கும் காலத்திலேயே எழுதி வைக்கும் குறிப்பு: எனக்கு நெருக்கடி வந்தால் இவரை அழையுங்கள், இந்த மருந்து எனக்கு ஒத்துவராது, என் பூனையை இவரிடம் ஒப்படையுங்கள். நெருக்கடியின் நடுவில் அவர் குரல் கேட்காமல் போனாலும், அந்தத் தாள் அவருக்காகப் பேசும்.

தவறு செய்யும் உரிமை

வெளியே விட்டால் யாராவது ஏமாற்றிவிடுவார்களே, கீழே விழுந்துவிடுவாரே என்ற அச்சம் அன்பிலிருந்து வருகிறது. அதை யாரும் கேலி செய்ய முடியாது. ஆனால் நாம் எல்லோரும் விழுந்துதான் நடக்கக் கற்றோம், ஏமாந்துதான் ஆட்களை எடைபோடக் கற்றோம். அமெரிக்காவில் ராபர்ட் பெர்ஸ்கி என்பவர் 1972இல் இதற்கு 'ஆபத்தை ஏற்கும் கண்ணியம்' என்று பொருள்படும் ஒரு தொடரைப் பரவலாக்கினார். அளவுக்கு மீறிய பாதுகாப்பு ஒருவரின் மனிதத் தன்மையைச் சுருக்கிவிடும் என்பதே அவர் சொன்னது. ஆபத்தை அறவே ஒழிக்க முயல வேண்டாம், அதைச் சேர்ந்து யோசித்துக் குறைக்கலாம். தனியே பஸ்ஸில் போக விரும்பும் மகனைத் தடுப்பதற்குப் பதிலாக, முதல் வாரம் பக்கத்து இருக்கையிலும், அடுத்த வாரம் இரண்டு இருக்கை தள்ளியும், அதற்கடுத்த வாரம் இறங்கும் நிறுத்தத்திலும் இருந்து பார்க்கலாம்.

மூடிய இடம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையையும் கேள்வி கேட்க வேண்டும். நியூயார்க்கில் வில்லோபுரூக் என்ற பெரிய அரசு நிலையத்துக்குள் 1972இல் தொலைக்காட்சிக் கேமரா நுழைந்தபோது, அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகள் உடையின்றி, அழுக்கில், நெரிசலில் கிடந்ததை நாடே பார்த்தது. வெளியார் கண் படாத இடத்தில் கொடுமை நெடுங்காலம் ஒளிந்திருக்க முடியும். அக்கம்பக்கத்தார், வழக்கமாகப் போகும் கடைக்காரர், பஸ் நடத்துநர் எனப் பத்துப் பேர் அறிந்த ஒருவர் இரண்டு நாள் கண்ணில் படாவிட்டால், யாராவது ஒருவர் கதவைத் தட்டுவார். அந்தத் தட்டலை நான் எந்த மதிலையும்விட அதிகம் நம்புகிறேன்.

'இவர் இன்னும் தயாராகவில்லை' என்ற வாதமும் உண்டு. முதலில் பயிற்சி மையம், பிறகு குழு இல்லம், பிறகு பாதிச் சுதந்திரம், கடைசியில் தனி வீடு என்று ஏணி போல வைப்பார்கள். பலர் இரண்டாம் படியிலேயே முதுமை அடைந்துவிடுகிறார்கள். தன் வீட்டில் வாழ்வதைத் தன் வீட்டில் வாழ்ந்துதான் கற்க முடியும். லோயிஸ் கர்டிஸ், எலைன் வில்சன் என்ற இரு பெண்கள், சமூகத்தில் வாழலாம் என்று மருத்துவர்களே சொன்ன பிறகும், ஜார்ஜியாவில் மருத்துவமனையை விட்டு வெளியேற முடியாமல் இருந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில், காரணமின்றி ஒருவரை நிலையத்துக்குள் ஒதுக்கி வைப்பது பாகுபாடுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. கர்டிஸ் வெளியே வந்து தன் இருப்பிடத்தில் வாழ்ந்து ஓவியரானார்.

கதவைத் திறந்தால் மட்டும் போதாது

நேர்மையாக இதையும் எழுத வேண்டும். பெரிய நிலையங்களை மூடிவிட்டு, வெளியே துணையைக் கட்டியெழுப்பாமல் விட்டதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1963இல் சமூக மனநல மையங்களுக்கான சட்டம் வந்தது. மருத்துவமனைகள் காலியான வேகத்தில் மையங்கள் எழவில்லை, திட்டமிட்டதில் ஏறத்தாழ பாதி கட்டப்படவே இல்லை. வெளியே வந்த பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். இத்தாலி 1978இல் மனநல மருத்துவமனைகளில் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ட்ரியஸ்டே நகரில் மனநல மருத்துவர் ஃபிராங்கோ பஸாலியாவும் அவரைப் பின்பற்றியவர்களும் அக்கம்பக்க மையங்களை முன்கூட்டியே எழுப்பியிருந்ததால் அங்கே அது நன்றாக வேரூன்றியது. மையங்கள் எழாத பகுதிகளில் முழுச் சுமையும் குடும்பத்தின் மேல் விழுந்தது. ஒரே சட்டம், இருவேறு விளைவுகள். காப்பகத்தை ஆதரிப்பவர்கள் இந்தத் தோல்விகளைச் சுட்டிக்காட்டும்போது நான் மறுப்பதில்லை. துணையை நிறுத்திவிட்டு அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தால் அது கைவிடுதல்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வீடும் துணையும் ஒரே கையில் இருக்கக் கூடாது. தங்குமிடத்தைத் தருபவரே உதவியாளரையும் அனுப்பினால், உதவி சரியில்லை என்று புகார் சொல்ல வாய் வராது. சொன்னால் வீடு போய்விடுமோ என்ற அச்சம் வரும். வாடகை ஒப்பந்தம் தனியாகவும், உதவி ஒப்பந்தம் தனியாகவும் இருந்தால் உதவியாளரை மாற்றினாலும் வீட்டில் இருப்பவர் அங்கேயே இருப்பார்.

'எங்களுக்குப் பிறகு யார்?'

பெற்றோரோடு இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்? பல பெற்றோர் இந்தக் கேள்வியோடு இரவில் விழித்திருக்கிறார்கள். அதற்கு ஆறுதல் வார்த்தை போதாது, ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டை அவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும். தாய் இறந்த வாரத்திலேயே வீடு மாறி, அறிமுகமில்லாத கை முதல்முறையாகக் குளிப்பாட்டினால், அந்த மகனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு இழப்பு.

தொடக்கம் சிறியதாகவே இருக்கலாம். வாரத்தில் ஒரு மாலை, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர் வந்து அவரோடு வெளியே போகட்டும். எங்கே போவது என்பதை அவரே சொல்லட்டும். பிறகு மாதம் ஓரிரவு வீட்டுக்கு வெளியே தங்கல். அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அவர் பையில் கொஞ்சம் பணம், அதைத் தவறாகச் செலவழிக்கும் உரிமையோடு. எது பிடிக்கும், எது பயம், வலித்தால் எப்படிக் காட்டுவார், கோபத்தில் இருக்கும்போது எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் இன்று அம்மாவின் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. அதை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கலாம், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. 'இதை இப்படி எழுதட்டுமா?' என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொண்டே எழுதினால், தாய் இருபது ஆண்டுகளாக உறுதியாக நம்பிவந்த ஒன்றுக்கு மகன் தலையை ஆட்டி மறுப்பதும் நடக்கலாம். அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொல்வதை எழுத வேண்டும்.

அவர் தங்கும் அறைக்கு ஒரு பூட்டும், அதன் சாவியும்கூட இந்த மாதமே அவர் கையில் இருக்கலாம். விரல் பூட்டைத் திறக்காவிட்டால், யார் திறக்க வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும்.